வாய்க்கால் படகு திரும்பும் இடம்

1

மனைவியிடம் சொல்லாமல் நான் ஒரு படகு வாங்கினேன். முழுப் படகு அல்ல, பன்னிரண்டில் ஒரு பங்கு. எனக்கு நீச்சல் தெரியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது கண்டுபிடித்துச் சொல்வதைவிட அது மேல்.

செய்தி கசிந்த அன்று யோகா சத்தம் போடவில்லை. யாழ்ப்பாணத்து வம்சமான அவள் அப்பா, மலேசியாவில் ஈப்போ பக்கம் பத்து காஜா என்ற ஊரில் அரசாங்க குமாஸ்தாவாக இருந்தவர். அந்தக் குடும்பத்தில் கோபத்தைக் கேள்வியாகத்தான் வெளியே விடுவார்கள். மற்ற நாட்களில் ஈப்போத் தமிழ் பேசுகிறவள், கோபம் வந்தால் நேரே யாழ்ப்பாணத்துக்குப் போய்விடுவாள். அந்த ஊரை அவள் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் கோபத்துக்கு வழி தெரிந்திருக்கிறது.

"பன்னிரண்டிலை ஒரு பங்கெண்டா உங்கட பகுதி எது? முன்பக்கமோ, பின்பக்கமோ, தாழுற பக்கமோ?"

பங்கு என்பது இடத்தைப் பிரிப்பது அல்ல, காலத்தைப் பிரிப்பது என்று விளக்கினேன். வருடத்தில் சில வாரங்கள் படகு நம்முடையது, மற்ற வாரங்களில் மற்றவர்களுடையது.

"அந்த மற்ற வாரங்களிலை உங்களையும் ஆராவது எடுப்பினமோ?" என்றாள்.

ஊரில் இருப்பவர்களுக்குப் படகு என்றதும் கடல், கொடிமரம், வெள்ளைத் தொப்பி எல்லாம் கண்ணில் வரும். அதெல்லாம் இல்லை. இங்கிலாந்தின் நடுவில், கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் யோசித்துச் சொல்லவேண்டிய ஓர் ஊரில் நாங்கள் குடியிருக்கிறோம். ரயில் வருவதற்கு முன்னால் நிலக்கரியும் மண்பாண்டமும் ஏற்றிப்போக வெட்டிய வாய்க்கால்கள் இங்கே ஊர் ஊராகப் போகின்றன. அதில் ஓடும் படகு ஓர் இரும்புப் பெட்டி. ஒன்றரைப் பேருந்து நீளம். அகலமோ, நான் குறுக்கே படுத்தால் தலையும் காலும் இடிக்கும் அளவு. உள்ளே கட்டில், அடுப்பு, எங்கள் ஊரில் தண்டாஸ் என்கிற கழிப்பறை எல்லாம் வரிசையாக, ஒருவர் வந்தால் மற்றவர் பக்கவாட்டில் திரும்பி நிற்கவேண்டிய கணக்கில் இருக்கும். தண்ணீர், எங்கள் ஊரில் தே தாரிக் என்று ஆற்றிக்கொடுக்கும் பால் டீயின் நிறம். வேகம் மனிதன் நடக்கும் வேகம். அதற்கு மேல் போகச் சட்டமும் இடம் தராது, எஞ்சினும் தராது.

2

எங்களுக்கு ஒரே மகள், ஷாமினி. வேறு நகரத்தில் வேலை. அவள் அனுப்பும் செய்திகளில் தமிழ் ஒரே ஒரு சொல்தான்: அப்பா. மிச்சமெல்லாம் ஆங்கிலம். அந்த ஒரு சொல்லையும் ஆங்கில எழுத்தில்தான் போடுவாள். ஆனால் ஒருபோதும் விட்டதில்லை என்பதால் நான் புகார் சொல்வதில்லை.

படகுப் படத்தை அனுப்பியதற்குப் பதில் வந்தது. "அப்பா, இதெல்லாம் கிழவர்கள் செய்வது இல்லையா? ஏன் அவர்களுக்கு மட்டும் இது இவ்வளவு பிடிக்கிறது?"

நான் இத்தனை வருடம் நகராட்சி அலுவலகத்தில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதியவன். 'தங்கள் கருத்து பரிசீலனையில் உள்ளது' என்பதை நூறு விதமாக ஆங்கிலத்தில் எழுதத் தெரியும். மகளுக்கும் அதில் ஒன்றை அனுப்பிவைத்தேன். ஆனால் கேள்வி உறுத்தியது. வாய்க்காலில் எதிரே வரும் படகுகளைக் கவனித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. நரைத்த தலைகள், காது மெஷின்கள், மடியில் கம்பளி. நான்தான் அங்கே இளைஞன். அலுவலகத்தில் என்னை மரியாதையாக வழியனுப்பி ஒரு வருடம் ஆன நிலையில், அந்தப் பட்டம் எனக்குப் பிடித்தும் இருந்தது.

ஏன் இவர்களுக்கு மட்டும்? உடம்புக்குச் சுலபம் என்பதால் என்று முதலில் நினைத்தேன். இல்லை. வாய்க்கால் மேடேறும் இடங்களில் 'லாக்' என்று ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் மரக்கதவு வைத்த ஆழமான கல் தொட்டி. படகை உள்ளே விட்டுக் கதவை மூடி, தண்ணீரை நிரப்பினால் படகு மேலே எழும். எழுந்ததும் அடுத்த கதவைத் திறந்து வெளியேற வேண்டும். அந்தக் கதவுகளை முதுகைக் கொடுத்துத் தள்ளவேண்டும், செக்கு மாடு போல. முழங்கால் மாற்றிய பெண்மணிகள் சிரித்துக்கொண்டே தள்ளுகிறார்கள். அமைதிக்காக என்று பார்த்தால் அதுவும் இல்லை. எங்கள் எஞ்சின் போடும் சத்தத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் லகாட்டில் ஓடும் ஈயச் சுரங்கத்துப் பம்பு வெட்கப்படும்.

பிறகு, மெதுவாகப் போவதற்காக என்று தோன்றியது. இதில் கொஞ்சம் உண்மை இருப்பதாக இப்போதும் நினைக்கிறேன். நான் பிறந்தது மலேசியாவில் சுங்காய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். விடிவதற்குள் பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிடும் இடத்துக்கு, அப்பா போய் நிற்கவேண்டும். பிந்தினால் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், ஊர் கேட்கத் திட்டுவார். அதனால் அப்பாவுக்கு 'மெதுவா' என்பது ஒரு நோயின் பெயர். சாப்பிடு, குளி, படி, எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு 'சுருக்கா' வரும். சுருக்கா படித்தேன், சுருக்கா விமானம் ஏறி இங்கே வந்தேன், சுருக்கா கல்யாணம் செய்தேன். இந்த வாய்க்காலுக்கு வந்த முதல் நாள், கரையில் கட்டிக்கிடந்த ஒரு படகின் ஜன்னலிலிருந்து பல் துலக்கும் பிரஷ்ஷோடு ஒரு வெள்ளைக்கார அம்மாள் தலையை நீட்டி, "மெதுவாய்ப் போ!" என்று கத்தினாள். வாழ்க்கையில் முதல்முறையாக வேகத்துக்காகத் திட்டு வாங்கினேன். அப்பா கேட்டிருந்தால் அந்த அம்மாளைக் கிராணியிடம் பிடித்துக் கொடுத்திருப்பார்.

3

என் அண்ணன் மாணிக்கம் பத்து காஜாவில் இருக்கிறார். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அண்ணி இறந்து இரண்டு வருடமாகிறது. பிள்ளைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் போடுவார். இப்போதெல்லாம் ஈப்போவுக்குப் பஸ்ஸில் போவதைக்கூட விட்டுவிட்டதாகச் சொன்னார். கோயில் திருவிழா, கல்யாணம், எதற்கும் போவதில்லை. "போ லா, யாரு அவ்ளோ தூரம் போறது," என்பார். தனிமை மனிதரை வீட்டுக்குள் அடைத்துவிட்டது என்று நானும் யோகாவும் முடிவுகட்டி, வருத்தப்பட்டுக்கொண்டோம்.

அவர் வீட்டை ஒட்டிய வீட்டுக்காரர் வாடகைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். முதலில் எங்களைத்தான் கேட்பதாக அண்ணனிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

"தம்பி, பக்கத்து வீடு இந்த வருஷக் கடைசில காலியாகுது. நீயும் யோகாவும் வந்துட்டா ஒரே சுவரு. இந்தப் பக்கம் தட்டினா அந்தப் பக்கம் கேக்கும். வாரியா?"

"யோகாவைக் கேக்கணும்ணே."

"போன மாசமும் அதான் சொன்ன."

"அவளுக்கு இங்க பழகிப்போச்சு. பேசிப் பார்க்கிறேன்."

தங்கள் கருத்து பரிசீலனையில் உள்ளது.

எங்கள் இருவரிடமும் இன்றுவரை மலேசியாவின் சிவப்புப் பாஸ்போர்ட்தான். திரும்பப்போகிறவர்களுக்கு வேறு எதற்கு? ஒவ்வொரு முறை காலாவதியாகும்போதும் லண்டனுக்குப் போய், வரிசையில் நின்று, முந்தைய படத்தைவிட வயதான ஒரு படத்தை ஒட்டிப் புதுப்பித்து வருவோம். திரும்புவதைத் தள்ளிப்போடுவதற்குக்கூட இத்தனை காகிதவேலை இருக்கிறது என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

கடைசியில் அண்ணன் போனில் கேட்பதை நிறுத்திவிட்டு, டிக்கெட் எடுத்துவிட்டார். பதிலை நேரில் வாங்கிப்போக வருகிறார் என்பது எனக்குத் தெரியும். "உன் போட்டையும் பார்த்துட்டுப் போறேன்," என்றார்.

விமான நிலையத்தில் எல்லாரும் வெளியே வந்தும் அவரை மட்டும் காணோம். வெகுநேரம் கழித்து, பெட்டியை உருட்டிக்கொண்டு சிரித்தபடி வந்தார்.

"அந்த இமிகிரேஷன் தம்பி நல்ல பையன். எங்க தங்கப்போறேன்னு கேட்டான். போட்டுலன்னேன். போட்டு எந்த ரோட்டுல இருக்குன்னு கேட்டான். அது நிக்காதுப்பா, ஓடிக்கிட்டே இருக்கும்னேன். அப்புறந்தான் பெரிய ஆபிசரைக் கூப்பிட்டான்."

4

லோரிக்காரர் ஒருவர் வண்டியில் முதல்முறை ஏறுகிறார் என்றால் பூசை போடாமல் ஏறமாட்டார். நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, ஏற்றி நசுக்கி, முன்னால் தேங்காய் உடைத்தபிறகுதான் கியர் விழும். அண்ணன் கடையில் பழமும் தேங்காயும் வாங்கித் தயாராக வந்தார். படகைத் தலையிலிருந்து வால்வரை பார்த்தார். குனிந்து தண்ணீரைப் பார்த்தார்.

"டயரு எங்க?"

"டயர் கிடையாதுண்ணே."

"பின்ன பழத்தை எங்க வைக்கிறது?"

இந்தக் கேள்வியை அந்த வாய்க்கால் அது வெட்டப்பட்ட நாளிலிருந்து சந்தித்திருக்காது. தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் உந்துசிறகுக்கு அடியில் வைக்கலாம் என்று நான் சொன்னதை அவர் மதிக்கவில்லை. கரையின் கல் விளிம்பில் நாலு பழங்களையும் வரிசையாக அடுக்கி, படகின் பக்கவாட்டால் அவற்றை உரசி நசுக்கும்படி எனக்கு உத்தரவு போட்டார். வேண்டாத நேரமெல்லாம் கரையில் மோதும் என் படகு, அன்று ஒரு சாண் இடைவெளிவிட்டு அழகாக விலகிப்போயிற்று. அது கிளப்பிய சிற்றலையில் பழங்கள் உருண்டு தண்ணீரில் விழுந்து, எங்களுக்குத் துணையாகக் கொஞ்ச தூரம் மிதந்து வந்தன.

"நசுங்கல," என்றார் அண்ணன். முகம் சரியில்லை. "தேங்காயாவது ஒழுங்கா உடையணும்."

முதல் லாக் வந்தது. படகு கடக்கும் முதல் வாசல் அதுதான் என்பதால் தேங்காயை அங்கேதான் உடைக்கவேண்டும் என்றார். நான் படகில் திசை திருப்பும் கைப்பிடியைப் பிடித்துக் காத்திருக்க, அவரும் யோகாவும் கரையில் இறங்கினார்கள். தைப்பூசத்தில் உடைக்கிற அதே வேகத்தில் கல் படியில் ஓங்கி அடித்தார். அருமையாக உடைந்தது. ஒரு மூடி அவர் கையில். இன்னொரு மூடி துள்ளிக் குதித்துத் தொட்டிக்குள் போயிற்று. அது நல்ல சகுனமா என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. இருவரும் கதவுகளைத் தள்ளித் திறந்தார்கள். நான் கப்பல் தலைவன் தோரணையில் படகை உள்ளே செலுத்தினேன்.

பாதியில் படகு நின்றுவிட்டது. ஒரு கதவு முழுதும் திறக்கவில்லை. அதற்கும் சுவருக்கும் இடையில் தேங்காய்மூடி போய் உட்கார்ந்திருந்தது. திறக்காத கதவுக்கும் எதிர்ச் சுவருக்கும் இடையில் நான்.

இப்படிப்பட்ட நேரத்தில் மனிதன் வாயில் எந்த மொழி வருகிறது என்பது சோதித்துப் பார்க்கவேண்டிய விஷயம். முப்பது வருடத்துக்கு மேல் ஆங்கிலத்தில் சம்பளம் வாங்கிய நான், யோகாவைப் பார்த்து, "பெலான்! பெலான்!" என்று மலாயில் அலறினேன். மெதுவா, மெதுவா என்று அர்த்தம். அவளோ எதையும் செய்யாமல் சும்மா நின்றுகொண்டிருந்தாள். அதைவிட மெதுவாக யாராலும் இருக்கமுடியாது.

எங்கள் பின்னால் ஒரு படகு வந்து நின்றது. எதிர்ப்பக்கம் இரண்டு. ஈப்போ சாலையில் இப்படி வழியை அடைத்திருந்தால் ஹாரன் சத்தத்தில் காது போயிருக்கும். இங்கே ஒவ்வொரு படகிலிருந்தும் ஒரு கிழவரும் கிழவியும் நாற்காலி எடுத்துவராத குறையாக இறங்கிவந்தார்கள். பின்படகுக்காரர் பெயர் டெரிக். நீளமான கொக்கிக் கம்போடு வந்து, கதவுக்குப் பின்னால் எட்டிப்பார்த்தார்.

"கதவிடுக்கில் சைக்கிள் பார்த்திருக்கிறேன், மெத்தை பார்த்திருக்கிறேன்," என்றார் சந்தோஷமாக. "தேங்காய் இதுதான் முதல்."

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். யாரோ தேநீர் போட்டுக் கொண்டுவந்தார்கள். ஒருவருக்கும் கோபமில்லை. போகவேண்டிய இடத்தில் யாரும் பேர் கூப்பிடப்போவதில்லை என்பது அவர்கள் நிற்கும் நிலையிலேயே தெரிந்தது. தேங்காய்மூடி வெளியே வந்ததும் கைதட்டினார்கள். டெரிக்கின் மனைவி அதைத் துடைத்து, முகர்ந்துபார்த்து, வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

"எடுத்துக்கச் சொல்லு," என்றார் அண்ணன். "சாமி பிரசாதம். கெடாது."

விடைபெறும்போது டெரிக் என் மனைவியின் கையைக் குலுக்கி, "மகிழ்ச்சி, திருமதி பெலான்," என்றார்.

5

வாய்க்காலில் படகைத் திருப்புவது பற்றி ஒரு விவரம் சொல்லவேண்டும். படகின் நீளம் வாய்க்காலின் அகலத்தைவிடப் பெரிது. நினைத்த இடத்தில் திருப்பமுடியாது. இடையிடையே ஒரு பக்கக் கரையைக் குடைந்து அகலமாக்கி வைத்திருப்பார்கள். அங்கே மட்டும்தான் மூக்கை உள்ளே விட்டு வாலைச் சுழற்றமுடியும். அந்த இடத்தைத் தவறவிட்டால் அடுத்த இடம் வரும்வரை போய்க்கொண்டே இருக்கவேண்டியதுதான்.

நாலாம் நாள் காலை. அன்று திருப்பினால்தான் அடுத்த பங்காளியிடம் படகைக் குறித்த நேரத்தில் ஒப்படைக்கமுடியும். அண்ணன் படகோட்டிக்கொண்டிருந்தார். கைப்பிடியை இந்தப் பக்கம் தள்ளினால் படகு அந்தப் பக்கம் போகும் என்பது லோரி ஓட்டிய கைக்கு முதல் இரண்டு நாள் பிடிபடவில்லை. வழியில் உள்ள புதர்களுக்கெல்லாம் போய் நலம் விசாரித்தோம். இப்போது பழகிவிட்டது. ஆனாலும் அடிக்கடி, "கொஞ்சம் புடி, வாரேன்," என்று கைப்பிடியை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்வருவார். யோகா பக்கத்தில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"யோகா," என்றார் அண்ணன், முன்னால் பார்த்தபடியே. "உன்னைக் கட்டாயப்படுத்தல. ஆனா நேர்ல கேட்டுரலாம்னு வந்தேன். நீ ஏன் மா நம்ம ஊருக்கு வர மாட்டேங்கிற?"

யோகா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஆர்? நானோ?"

யாழ்ப்பாணம் வந்துவிட்டது. நான் வானிலையைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"பக்கத்து வீட்டுக்கு வாங்கன்னு எவ்ளோ நாளா கேக்குறேன். நீதான் வேணாங்கிறியாம். தம்பி சொன்னான்."

"நான் எப்ப மாட்டன் எண்டனான்? எந்த வீடு? என்னட்டை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லையே!"

இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். அப்போது நான் செய்ததைப் பெருமையாகச் சொல்லமுடியாது. ஒரு பாலத்தடியில் படகு கரையை ஒட்டிப் போனது. சட்டென்று கரைக்குத் தாவி, இழுவைக் குதிரைகளுக்காக அந்தக் காலத்தில் போட்ட நடைபாதையில் விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தேன்.

கோபித்துக்கொண்டோ பயந்துகொண்டோ விலகிப்போவதற்கு இதைவிட மோசமான வாகனம் உலகில் கிடையாது. நான் நடக்கும் வேகமும் படகின் வேகமும் ஒன்று. கரையில் நான், தண்ணீரில் அவர்கள், நடுவில் கை நீட்டினால் தொடும் தூரம். படகு என்னோடேயே வந்தது.

"டேய் தம்பி, எங்கடா ஓடுற? பதில் சொல்லிட்டு ஓடு லா!"

"என்ரை பேரைச் சொல்லி எத்தினை வருசம்? அண்ணே, எனக்கு வெளிக்கிட ஆசை இல்லை எண்டு இவர் சொன்னவரோ?"

"போன தீபாவளிக்கும் சொன்னான்."

"நான் என்ன நினைச்சுக்கொண்டு இருந்தனான் தெரியுமோ? இவருக்குத்தான் ஊர் வேண்டாம், கேட்டால் மனம் நோகும் எண்டு வாயை மூடிக்கொண்டு இருந்தனான்!"

நாயோடு எதிரே வந்த ஒரு முதியவர் எனக்கு வணக்கம் சொன்னார். பிறகு படகுக்கும் வணக்கம் சொன்னார். நான் நடையைக் கூட்டினேன். அண்ணன் எஞ்சினைக் கூட்டினார். கரையில் கட்டியிருந்த படகொன்றின் ஜன்னல் திறந்து, "மெதுவாய்ப் போங்கள்!" என்றது. நல்லவேளை, இந்த முறை திட்டு எனக்கு மட்டும் இல்லை.

இந்தக் கூத்தில் திரும்பும் இடம் எங்கள் மூவரின் கண்ணெதிரே கடந்துபோயிற்று. வலப்பக்கம் கரை அகன்று, புல் வெட்டி, பலகையும் நட்டிருந்தார்கள். நான் அந்தப் பலகையைக் கடந்து நடந்தது நினைவிருக்கிறது. அது என்ன என்று அப்போது உறைக்கவில்லை.

6

மூச்சு வாங்கியதும் படகில் ஏறிக்கொண்டேன். வரைபடத்தைப் பிரித்து, தவறவிட்டதைச் சொன்னேன். யாரும் ஆச்சரியப்படவில்லை. அடுத்த திரும்பும் இடம் வெகுதூரம். போகவர இரண்டு நாளாவது அதிகமாகும். பங்காளிகளின் வாட்சாப் குழுவில் தாமதத்துக்குக் காரணம் எழுதவேண்டும். 'குடும்ப விவகாரம்' என்று எழுதினேன். பதினோரு பேரும் உடனே கட்டைவிரலை உயர்த்தினார்கள். எல்லாரும் ஓய்வு பெற்றவர்கள், எல்லாருக்கும் குடும்பம் இருக்கிறது.

யோகா உள்ளே போய் வெங்காயம் நறுக்கினாள். நறுக்கிய சத்தத்தில் என் பெயர் இருந்தது. எனக்கு யோசிக்க நேரம் கிடைத்தது. அந்தப் படகில் அதைத் தவிர வேறு எதுவும் வேகமாகச் செய்யமுடியாது.

படிப்பு முடிந்ததும் திரும்புவதாக இருந்தது. அது ஒரு இடம். அம்மா இறந்து காரியத்துக்குப் போனபோது, ஊரிலேயே இருந்துவிடலாமே என்று யோகா ஒரு வார்த்தை சொன்னாள். நான் லீவு முடிகிறது என்றேன். அது ஒன்று. ஷாமினி பள்ளிக்கூடம் போகும் முன்னால் இன்னொன்று. ஒன்றிலும் பலகை நட்டிருக்கவில்லை. ஒவ்வொன்றும் திரும்பும் இடமாக இருந்தது என்பது, அதைத் தாண்டி வெகுதூரம் வந்தபிறகுதான் தெரிகிறது. தாண்டியது தெரிந்ததும் மனிதன் என்ன செய்வான்? வேறு யார்மேலாவது பழியைப் போட்டு, எஞ்சினைக் கூட்டுவான்.

கிழவர்களுக்கு இந்த வாய்க்கால் பிடித்திருப்பதற்குக் காரணம் அதுதானோ என்று அன்று தோன்றியது. இங்கே எதைத் தவறவிட்டாலும் அடுத்தது எங்கே என்று வரைபடத்தில் குறித்திருக்கிறார்கள். மெதுவாகத்தான் போகவேண்டும், தூரம் அதிகமாகும், வாட்சாப்பில் காரணம் எழுதவேண்டிவரும். ஆனால் அடுத்தது உண்டு. அந்த வயதில் வேறு எங்கும் இப்படி ஒரு வாக்குறுதியை யாரும் அச்சடித்துக் கொடுப்பதில்லை.

மறுநாள் மதியம் அந்த இடம் வந்தது. மூவரும் முன்கூட்டியே நின்று காத்திருந்தோம். அண்ணன் மூக்கை உள்ளே விட்டார். நான் கம்பால் கரையை ஊன்றித் தள்ளினேன். படகு மிக நிதானமாகச் சுற்றியது. ஒரு கட்டத்தில் வாய்க்காலுக்குக் குறுக்கே அப்படியே நின்றுவிட்டதுபோல் இருந்தது. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

அப்போதுதான் யோகா சொன்னாள். கோபம் தணிந்து ஈப்போவுக்கு வந்திருந்தாள்.

"அண்ணே, அந்த வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுங்க. பொங்கலுக்கு முன்னாடி நான் வாரேன். இவர் வேணும்னா இவரோட பன்னெண்டுல ஒரு பங்கோட இங்கயே இருக்கட்டும்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பரிசீலிக்கவில்லை.

"நானும் வாரேன்ணே," என்றேன்.

அவர் படகைத் திருப்பி முடித்து, கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, அதற்குத் தேவையே இல்லாத ஒரு நேரான தண்ணீரில் வெகு கவனமாகப் படகை ஓட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "கொஞ்சம் புடி, வாரேன்," என்று உள்ளே போனார். திரும்பிவர வழக்கத்தைவிட நேரமாயிற்று. முகம் கழுவியிருந்தார்.

7

மகளிடம் சொன்னோம். திரும்பிப் போகிறோம் என்று கேட்டதும் தேதியை இரண்டு தடவை கேட்டாள். எத்தனையோ வருடமாக அவள் மெல்ல மெல்ல விலகிப்போவதாக நினைத்து நான் வருத்தப்பட்டிருக்கிறேன். விலகுவது நாங்கள்தான் என்று அவள் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியும்போல. பிறகு கேட்டாள்: "அப்பா, அப்போ அந்தப் படகுப் பங்கு என்ன ஆகும்? எனக்குத் தருவீர்களா?"

கிழவர்கள் செய்வது அல்லவா என்றேன்.

"நீங்கள் போன பிறகு நான் எங்கே வந்து உங்களை நினைத்துக்கொள்வது?" என்றாள்.

பங்கை அவள் பெயருக்கு மாற்ற மனு போட்டிருக்கிறேன். பரிசீலனையில் உள்ளதாகப் பதில் வந்திருக்கிறது.

இந்தக் குறிப்புகளை எழுதி முடித்ததும் முதலில் அண்ணனுக்குத்தான் அனுப்பினேன். அவரைப் பற்றி எழுதியதில் மனம் நோக ஏதாவது இருக்குமோ என்ற பயம். கிழவர்களுக்கு ஏன் வாய்க்கால் படகு பிடிக்கிறது என்பதற்கு நான் கண்டுபிடித்த காரணத்தைப் படித்து நெகிழ்ந்துபோவார் என்ற எதிர்பார்ப்பும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"படிச்சேன் தம்பி. நல்லா எழுதியிருக்க. திரும்புற எடம், வரைபடம், எல்லாம் சரிதான். ஆனா நானும் ஒரு வாரம் அதுல இருந்தவன் லா. கெழவனுங்களுக்கு அது ஏன் புடிக்குதுன்னா, அவசரம்னா நாலு எட்டு வச்சா தண்டாஸ். ஈப்போ பஸ்ஸுல அது இருந்துச்சுன்னா நான் ஏன் வீட்டுலயே கெடக்கப்போறேன்?"

நான் வாயைத் திறக்குமுன் அவரே தொடர்ந்தார்.

"பக்கத்து வீட்டுல மேல ஒண்ணு, கீழ ஒண்ணு இருக்கு. பயப்படாம வா."